பழைய கார் வாங்கும்போது ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? படிப்படியாக முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய கார் வாங்குபவருக்கு ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பது பெரும்பாலும் வசதியையும் பணத்தையும் பற்றிய கேள்விதான். பழைய கார் வாங்கும்போது அதே கேள்விக்குள் இன்னொருவரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்: இதுவரை அந்தக் காரை ஓட்டியவர். அவர் கிளட்ச் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டினாரா, கார் முழுதாக நிற்பதற்குள் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினாரா, ஆயில் மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றினாரா என்பதெல்லாம் கியர்பாக்ஸின் உள்ளே தேய்மானமாகப் பதிந்திருக்கும். மேனுவல் காரில் அந்தத் தேய்மானத்தை அரை மணி நேர ஓட்டத்திலேயே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் அது மறைந்து கிடக்கும். வெளியே தெரியும் நாளில் செலவு பெரிதாக இருக்கும். ஆகவே எது பிடிக்கும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு அந்த வகைக் காரைத் தேடுவதைவிட, எது எந்த நிலையில் கிடைத்தால் வாங்கலாம் என்று தீர்மானித்துவிட்டுத் தேடுவதே சரி என்பது என் கருத்து. பின்வரும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதல் படி: உங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

கார் பார்க்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் பயணங்களைக் கவனியுங்கள். தினமும் எத்தனை நிமிடம் ஊர்ந்து செல்லும் நெரிசலில் கழிகிறது, எத்தனை நிமிடம் தடையின்றி ஓடுகிறது என்பதே முதல் கணக்கு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று நின்று நகர்பவர் என்றால் ஆட்டோமேட்டிக்கின் வசதி ஆடம்பரமாகாது. இடது முழங்காலிலோ இடுப்பிலோ வலி உள்ளவர்களுக்கு அது தேவையே ஆகிவிடும். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் ஒரு முறை மேல் கியரில் போட்டபின் நெடுநேரம் கிளட்சைத் தொடவே போவதில்லை; அவருக்கு ஆட்டோமேட்டிக்கினால் மிச்சமாகும் உழைப்பு மிகக் குறைவு.

வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்பதும் முக்கியம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்களுக்குப் பொதுவாக மேனுவல் கார் ஓட்ட அனுமதி கிடையாது; ஐரோப்பிய உரிமங்களில் அந்தக் கட்டுப்பாடு 78 என்ற குறியீட்டால் குறிக்கப்படுகிறது. எல்லா நாடுகளிலும் இந்த விதி இல்லை, ஆனால் உரிமத்தை ஒரு முறை எடுத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: எந்த ஆட்டோமேட்டிக் என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். விற்பனை விளம்பரத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே சொல்லில் எழுதப்படுவதற்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் ஓட்டமும் வேறு, பழுதாகும் விதமும் வேறு, பழுதுபார்க்கும் செலவும் வேறு.

முதலாவது, டார்க் கன்வெர்ட்டர் வகை. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் அறிமுகப்படுத்திய ஹைட்ரமேட்டிக்கில் தொடங்கும் குடும்பத்தின் வாரிசு இது. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையே ஆயிலே இணைப்பாக வேலை செய்கிறது: எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்று மற்றதைச் சுழற்றுவது போல, எஞ்சின் சுழற்றும் ஆயில் மறுபக்கத்து இறக்கைகளைத் தள்ளுகிறது. இந்த வழுக்கலில் கொஞ்சம் எரிபொருள் வீணாகும் என்பதால், வேகம் நிலைத்ததும் இருபுறத்தையும் நேரடியாகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் பிற்காலத்தில் சேர்ந்தது. ஆயிலைக் காலத்தில் மாற்றிய டார்க் கன்வெர்ட்டர் பெட்டி (கியர்பாக்ஸ்) நீண்ட காலம் உழைக்கும். பழைய காரில் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சுட்டுவது இதைத்தான்.

இரண்டாவது, ஏஎம்டி. இது சாதாரண மேனுவல் பெட்டியேதான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு மின் அல்லது ஹைட்ராலிக் அமைப்பு செய்கிறது. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் தலை இலேசாக முன்னே சாய்வதை வைத்தே இதை அடையாளம் காணலாம். கிளட்ச் தட்டு மேனுவலில் தேய்வது போலவே இதிலும் தேயும். ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரால் காரைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் உள்ளவர் ஓட்டிய ஏஎம்டி என்றால் கிளட்ச் விரைவில் போய்விடும். ஆனால் பழுதுபார்ப்பு பெரும்பாலும் மேனுவலுக்கு அருகிலான செலவில் முடியும்.

மூன்றாவது, சிவிடி. இதில் படிப்படியான கியர்களே இல்லை. அகலம் மாறக்கூடிய இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு பெல்ட் ஓடுகிறது. கப்பிகள் விரிந்தும் ஒடுங்கியும் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றுகின்றன. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் ரப்பர் பெல்ட்டுடன் இதைக் காரில் கொண்டுவந்தது. இன்றைய பெட்டிகளில் எஃகு பெல்ட் அல்லது சங்கிலி. நகரத்து ஓட்டத்தில் இதன் மென்மைக்கு ஈடில்லை, எரிபொருள் சிக்கனமும் நன்று. ஆனால் பெல்ட்டின் பிடிமானம் முழுக்க முழுக்க அதற்கென்றே உருவாக்கப்பட்ட ஆயிலை நம்பியிருக்கிறது. சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிய சிவிடி நெடுநாள் தாங்காது. பெல்ட்டும் கப்பியும் கீறல் விழுந்துவிட்டால் பெரும்பாலான பணிமனைகள் பெட்டியையே மாற்றச் சொல்லும்.

நான்காவது, இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி. ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களையும் மற்றொன்று இரட்டைப்படை கியர்களையும் கவனிக்கிறது. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிறது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட கார்களில் 2003-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 இதை முதலில் கொண்டுவந்தது. ஆயிலில் நனைந்த கிளட்ச், உலர்ந்த கிளட்ச் என்று இதில் இரு பிரிவுகள் உண்டு. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் உலர் கிளட்ச் சூடேறித் தேயும். ஆகவே உங்கள் முதல் படிக் கணக்கில் நெரிசல் அதிகமாக வந்திருந்தால், உலர் கிளட்ச் கொண்ட பழைய டிசிடியை நான் தவிர்க்கவே சொல்வேன்.

ஹைபிரிட் கார்களில் ‘இ-சிவிடி’ என்ற பெயரைக் கண்டு மேற்சொன்ன பெல்ட் வகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1997-இல் வந்த டொயோட்டா பிரியஸ் வழியில் அமைந்த அந்தப் பெட்டியில் பெல்ட்டே கிடையாது. பல்சக்கரத் தொகுதியும் மின்மோட்டார்களும்தான்.

காரில் எந்த வகை இருக்கிறது என்பதை லீவரில் உள்ள பி (பார்க்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) எழுத்துகள் சொல்லாது, மாடல் பெயரும் உறுதியாகச் சொல்லாது. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு, எஞ்சினுக்கு எஞ்சின் பெட்டி மாறியிருக்கக்கூடும். உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள், அல்லது சேசிஸ் எண்ணைக் கொடுத்து உற்பத்தியாளரின் சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள்.

மூன்றாம் படி: விலையோடு பெட்டிக்கான தொகையையும் ஒதுக்குங்கள்

மேனுவல் காரில் கிளட்ச் என்பது பிரேக் பேடைப் போல, தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். ஒரு பணிமனை மேசையில் புதிய கிளட்ச் தட்டையும் கழற்றிய தட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு இது நன்றாகப் புரிந்தது. புதியதில் உராய்வுப் பட்டை உயர்ந்து நிற்க, ரிவெட்டுகளின் தலைகள் அதற்குள் ஆழமாகப் புதைந்திருந்தன. குறுக்கே ஓடும் கோடுகள் தெளிவாக இருந்தன. பழையதில் கோடுகள் மறைந்து, ரிவெட் தலைகள் பட்டையின் மட்டத்துக்கே வந்து பளபளத்தன. கிளட்ச் தட்டு அழுந்தும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலில் அவை கீறிய வளையங்களும், சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுகளும் இருந்தன. கழற்றுவதற்கு முதல் நாள்வரை அந்தக் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கிளட்ச் மாற்றும் செலவில் கணிசமான பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி. ஆகவே தட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதே வழக்கம். பல டீசல் கார்களில், அதிர்வைத் தணிக்க இரு பகுதிகளாகச் செய்த இரட்டை அடுக்கு ஃப்ளைவீல் இருக்கும். அதுவும் தேய்ந்திருந்தால் கணக்கு வெகுவாக ஏறிவிடும். மேனுவல் என்றாலே மலிவு என்ற நம்பிக்கை இந்த இடத்தில் மட்டும் பொய்த்துப்போகும்.

ஆட்டோமேட்டிக்கில் செலவு வேறு விதமாக வருகிறது. பல ஆண்டுகள் ஆயிலைத் தவிர ஒன்றுமே கேட்காமல் ஓடும். கெட்டுப்போனால் காரின் மதிப்பில் பெரும் பகுதியைக் கேட்கும். எனவே கார் பார்க்கப் போவதற்கு முன்பே, அந்தக் குறிப்பிட்ட பெட்டியை மறுசீரமைக்கவோ மாற்றவோ எவ்வளவாகும் என்று ஒரு பணிமனையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை வந்தால் உங்களால் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு முடியாது என்பது பதிலானால், ஆவணங்கள் முழுமையாக இல்லாத எந்த ஆட்டோமேட்டிக்கையும் பார்க்கவே போகாதீர்கள்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு கியர் கொண்ட பழைய டார்க் கன்வெர்ட்டர் கார்கள் மேனுவலைவிட அதிகம் குடிக்கும் என்பது உண்மை. சிவிடியோ எட்டு கியர் பெட்டியோ உள்ள பிற்காலக் கார்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது.

நான்காம் படி: ஆவணங்களில் ஆயிலைத் தேடுங்கள்

சர்வீஸ் புத்தகத்தில் எஞ்சின் ஆயில் மாற்றிய பதிவுகள் வரிசையாக இருக்கும். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பதிவைத் தனியாகத் தேடுங்கள். “இந்தப் பெட்டிக்கு ஆயுளுக்கும் ஒரே ஆயில்தான், மாற்றவே தேவையில்லை” என்று விற்பவர் சொல்லக்கூடும். சில கார் நிறுவனங்களும் அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. ஆனால் பல கார் நிறுவனங்களுக்குப் பெட்டிகளைத் தயாரித்துத் தரும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் ஆயில் மாற்றப் பரிந்துரைக்கிறது. ஃபோக்ஸ்வேகனின் ஆறு கியர் நனைந்த கிளட்ச் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டர் என்பது நன்கு அறியப்பட்ட கணக்கு. ‘ஆயுளுக்கும்’ என்பதில் யாருடைய ஆயுள் என்பதே கேள்வி. முதல் உரிமையாளரின் காலம்வரை என்று எடுத்துக்கொண்டால் பிழையிருக்காது.

ஓடிய கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரின் கிளட்ச், நெரிசலில் நாற்பதாயிரம் ஓடிய காரின் கிளட்சைவிட நல்ல நிலையில் இருப்பது சர்வ சாதாரணம். பின்னால் இழுவைக் கொக்கி பொருத்தியிருந்தால், எதை இழுத்தார்கள், எவ்வளவு அடிக்கடி இழுத்தார்கள் என்று கேளுங்கள். பாரம் இழுத்தால் பெட்டி சூடேறும்; கியர்பாக்ஸுக்குச் சூட்டைவிடப் பெரிய எதிரி இல்லை.

ஐந்தாம் படி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்

நேரம் குறித்துப் பேசும்போதே, நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டின் மீது உள்ளங்கையை வையுங்கள். ஒரு முறை நான் பார்க்கப் போன டார்க் கன்வெர்ட்டர் கார் வெதுவெதுப்பாக இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது குறையே தெரியவில்லை. மறுநாள் காலை சொல்லாமல் போய் மீண்டும் ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். குளிர்ந்த எஞ்சினில் ஆர் போட்டதும் மூன்று விநாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல கார் அதிர்ந்தது. விற்பவர் ரேடியோவின் ஒலியைக் கூட்டினார்.

காரை நகர்த்தச் சொல்லி, அது நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் ஆயில் புதிதாக இருக்கையில் பெரும்பாலும் சிவப்பு. சிவிடி ஆயில்கள் வேறு நிறங்களிலும் வரும். ஆயில் அளவு பார்க்கும் கம்பி (டிப்ஸ்டிக்) உள்ள பெட்டியானால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து முகருங்கள். பழுப்பேறியிருப்பது வயதைக் காட்டும்; கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன என்று பொருள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலண்ட் இருக்கும் டப்பாவையும் திறந்து பாருங்கள்: இளஞ்சிவப்பில் பாலாடை போலக் கெட்டியாக ஏதேனும் மிதந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குளிர்விப்பான் ஓட்டையாகி இரண்டும் கலந்துவிட்டன. அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஆறாம் படி: மேனுவலை ஓட்டிப் பார்த்தல்

நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுங்கள். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கரகரவென்ற ஓசை வந்தால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டுப் பேரிங். முதலாவது கிளட்சோடு சேர்ந்து மாறிவிடும், இரண்டாவதற்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். ஆகவே இரண்டையும் பிரித்தறிவது பேரத்துக்கு மிகவும் உதவும். எஞ்சினை அணைக்கும் கணத்தில் கடகடவென்று தகரம் உருள்வது போலக் கேட்டால் இரட்டை அடுக்கு ஃப்ளைவீலைச் சந்தேகியுங்கள்.

கிளட்ச் வழுக்குகிறதா என்பதற்கான சோதனை எளியது. தடையற்ற சமமான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் அல்லது ஐந்தாம் கியருக்குச் சென்று ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் முனகியபடி மெதுவாக வேகம் ஏறும், ஆர்பிஎம் முள்ளும் வேகமானியும் சேர்ந்தே நகரும். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் தட்டு முடிந்துவிட்டது. பெடல் ஏறக்குறைய முழுதும் மேலே வந்த பிறகுதான் கார் நகரத் தொடங்குகிறது என்பதும் அதே செய்தியின் முன்னறிவிப்பு.

பிறகு மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கிப் பாருங்கள், எஞ்சின் சூடாவதற்கு முன்பே. பல்லோடு பல் உரசும் ஓசை கேட்டால், கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அதிகம் உழைக்கும் இரண்டாம் கியரில்தான் இது பெரும்பாலும் முதலில் தெரியும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டபின் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வருகிறதா என்றும் ஒவ்வொரு கியரிலும் பாருங்கள்.

ஏழாம் படி: ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பார்த்தல்

பிரேக்கை மிதித்தபடி என்-இலிருந்து டி-க்கும், மீண்டும் என் வழியாக ஆர்-க்கும் மாற்றுங்கள். ஒன்றிரண்டு விநாடிக்குள் மெல்லிய அசைவோடு கியர் பிடிக்க வேண்டும். தாமதமும், தாமதத்துக்குப் பின் வரும் அடியும் ஆயில் அழுத்தம் குறைந்திருப்பதன் அடையாளம். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் டார்க் கன்வெர்ட்டர் கார் தானாக ஊர வேண்டும்; சில ஏஎம்டி கார்கள் ஊராமலிருப்பது அவற்றின் இயல்பு.

ஓட்டத்தில் மூன்று நிலைகளில் கவனியுங்கள். மென்மையாக வேகமெடுக்கும்போது கியர் மாறும் இடைவெளியில் எஞ்சின் ஒரு கணம் வெறுமையாக உறுமி, பிறகு அடுத்த கியர் பிடித்தால் உள்ளே ஒரு கிளட்ச் வழுக்குகிறது. 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை இலேசாகப் பிடித்தபடி செல்லும்போது, கற்கள் பதித்த கரடுமுரடான சாலையில் ஓடுவது போல ஒரு நடுக்கம் வந்து, சற்றே காலை எடுத்ததும் மறைந்தால் லாக்-அப் கிளட்சில் குறை. சில வேளைகளில் ஆயில் மாற்றத்தோடு அது சரியாகிவிடும், ஆனால் சரியாகும் என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. மூன்றாவதாக, ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று தரைவரை மிதித்து, பெட்டி தயங்காமல் கீழ்க் கியருக்கு இறங்குகிறதா என்று பாருங்கள்.

சிவிடியில் கியர் மாற்றமே இல்லாததால் காதையே நம்ப வேண்டும்: வேகத்தோடு சேர்ந்து உயரும் ஊளை ஓசை, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வரும் உதறல் இரண்டும் கெட்ட அறிகுறிகள். டிசிடியையும் ஏஎம்டியையும் அதற்கு மாறாக, நெரிசலிலும் ஏற்றத்திலும் ஊர்ந்து ஓட்டுங்கள். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையே தடுமாற்றமும், பின்னோக்கி ஏறுகையில் அதிர்வும் கிளட்ச் தேய்மானத்தைக் காட்டும். இந்த ஓட்டம் அரை மணி நேரமாவது நீடிக்க வேண்டும். பெட்டி முழுதாகச் சூடான பிறகே வெளிப்படும் குறைகள் உண்டு.

கடைசியாக இலேசான சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போடாமல் பி-யில் வைத்து, பிரேக்கை மெல்ல விடுங்கள். ஓரிரு அங்குலம் உருண்டு கார் பூட்டிக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: பணிமனையில் ஸ்கேன்

காரின் கணினிகள் பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0700 என்ற குறியீடு இருந்தால், கியர்பாக்ஸின் கணினி ஏதோ ஒரு குறையைப் பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள்; விவரம் அந்தக் கணினிக்குள் இருக்கும். பி0730 கியர் விகிதம் பொருந்தவில்லை என்றும், பி0741 லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை என்றும் கூறும். குறியீடு எதுவுமே இல்லாமல், காரின் சுயபரிசோதனைகள் பலவும் ‘இன்னும் முடிவடையவில்லை’ என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு யாரோ பதிவுகளை அழித்திருக்கவோ பேட்டரியைக் கழற்றியிருக்கவோ வாய்ப்புண்டு. சில நாள் ஓட்டியபின் மீண்டும் ஸ்கேன் செய்ய விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள்.

ஒன்பதாம் படி: முடிவு

இரண்டு கார்களும் ஒரே நிலையில், ஒரே அளவு ஆவணங்களோடு இருந்தால் முதல் படியில் எழுதிய கணக்கின்படி வாங்குங்கள். நெரிசல்காரருக்கு ஆட்டோமேட்டிக், மற்றவருக்கு விருப்பம். ஆனால் இரண்டும் ஒரே நிலையில் கிடைப்பது அபூர்வம். தேய்ந்த கிளட்ச் உள்ள மேனுவலை, அதை மாற்றும் முழுச் செலவையும் விலையில் குறைத்துக்கொண்டு தயங்காமல் வாங்கலாம். குறையின் எல்லை தெரியும். சிறிதாகத் தடுமாறும் ஆட்டோமேட்டிக்கை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன், ஏனெனில் பெட்டியைப் பிரிக்கும்வரை அந்தக் குறையின் எல்லை யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பேட்டரி இறந்துவிட்டால் மேனுவலைத் தள்ளியாவது ஸ்டார்ட் செய்யலாம். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. இயங்கும் சக்கரங்கள் தரையில் உருள அதை நெடுந்தொலைவு கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாததால் பெட்டி வறண்டு தேயும். ஆள்நடமாட்டமற்ற தடங்களில் அதிகம் செல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்தாம் படி: வாங்கியபின் முதல் வாரம்

எந்த வகையானாலும், பதிவு இல்லாத ஆயிலை மாற்றாத ஆயில் என்றே கொள்ளுங்கள். மேனுவலில் இது சிறு வேலை. ஆட்டோமேட்டிக்கில் வடித்து நிரப்பும்போது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பங்கு வெளியே வராது. பாதிக்கும் குறைவான ஆயில்கூட மாறியிருக்கலாம். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் ஒரு முறை வடித்து நிரப்பச் சொல்லுங்கள், வடிகட்டியையும் மாற்றச் சொல்லுங்கள். கையேட்டில் குறித்த அதே தரத்து ஆயில்தானா என்று டப்பாவை நீங்களே வாங்கிப் பாருங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் இடம் இதுவல்ல. மாற்றிய நாளையும் அப்போது ஓடியிருந்த கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, ரசீதை அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இந்தக் காரை உங்களிடமிருந்து வாங்க வருபவர் முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.